வரிசை எண் அறுநூற்றுப் பன்னிரண்டு

மணற்குடியில் செத்தவர்கள் முதன்முதலாக ஓட்டுப் போட வந்த அன்றைக்கு அதிகம் வயிறெரிந்தவர்கள் கள்ள ஓட்டுக்காரர்கள்தான். பின்னே என்ன? அத்தனை வருஷமாகச் செத்தவர்கள் பெயரில் விரலில் மை வாங்கி, எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து அழித்து, சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்று பிழைத்தவர்களின் பிழைப்பில், அந்தச் செத்தவர்களே நேரில் வந்து மண்ணைப் போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? மற்றபடி ஊர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வெயில் ஏறுவதற்குள் ஓட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்கவேண்டிய கவலை ஊருக்கு.

காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஆற்றங்கரைச் சுடுகாட்டிலிருந்து ஒரு கூட்டம், பள்ளிவாசல் கபர்ஸ்தானிலிருந்து ஒரு கூட்டம், மாதா கோயில் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஒரு கூட்டம் என்று மூன்றாக வந்து, யூனியன் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒன்றாகி, யாரும் சொல்லாமலே பட்டியலில் உள்ள எண் வரிசைப்படி நின்றுகொண்டார்கள். எல்லோருக்கும் வாக்காளர் அட்டையில் இருக்கிற முகம். அந்த முகங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பும் வெள்ளையுமாக, பாதி தெரிந்தும் பாதி கரி அப்பியும், உயிரோடு இருக்கும்போதே பெற்ற தாய்க்கு அடையாளம் தெரியாத முகங்கள். சிலருக்கு ஒரு காது இல்லை, படத்தை வெட்டினவன் அதோடு சேர்த்து வெட்டியிருந்தான். எண்ணெய்ச் செட்டியார் சோமசுந்தரத்தின் பெயருக்கு நேரே அச்சடித்தவன் யாரோ ஒரு பொம்பளையின் படத்தைப் போட்டுவிட்டிருந்ததால், பாவம் அந்த மனுஷன் தலை நிறையக் கொண்டையோடு வந்து நின்றார். அவருடைய மகன்கள் மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, தெரியாத மாதிரி போய்விட்டார்கள்.

அவர்களுக்குத் தெரிந்தது நாலே விஷயம். பெயர், தகப்பன் பெயர் அல்லது கணவர் பெயர், கதவு எண், வயது. வயது மட்டும் வருஷாவருஷம் ஏறிக்கொண்டே போனது, பட்டியலில் ஏறுகிறதே. வேறு எதைக் கேட்டாலும் இந்த நாலில் ஒன்றுதான் பதில். பத்திரத்தை எங்கே வைத்துவிட்டுச் செத்தாய் என்று கேட்ட மகனுக்கு "கதவு எண் பதினான்கு" என்றார் ஒரு தகப்பனார். என்னை விட்டுப் போக எப்படி மனசு வந்தது என்று மாரில் அடித்துக்கொண்டு அழுத பெண்ணுக்கு அவள் புருஷன், "வயது முப்பத்தெட்டு" என்றான். இயந்திரத்தில் பித்தானை அமுக்கினார்கள், மை வைத்துக்கொண்டார்கள், சாயங்காலம் பெட்டிக்குச் சீல் வைக்கும் நேரத்தில் வந்த வழியே போய்விட்டார்கள்.

ஏன் வந்தார்கள் என்று ஆராய்ந்து மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இரண்டு மாசம் உடைத்துக்கொண்டார்கள். பெயர் நீக்காமல் விட்டவர்கள்தான் வருகிறார்கள், நீக்கினவர்கள் வருவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. பெருமாள் கோயில் பட்டாச்சாரியார், கருமாதி முறையாகச் செய்திருந்தால் இப்படி வருவார்களா என்றார். இமாம், வருவது உடலை விட்டுப் போன ரூஹ் அல்ல, வெறும் பட்டியல் என்றார். பாதிரியார், இது உயிர்த்தெழுதல் கணக்கில் வராது என்று ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அதன்பிறகு மூன்று பேரும் அவரவர் ஆட்களுக்கு அவரவர் பக்கத்தில் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். முறத்தைச் சின்னமாகக் கொண்ட முறக் கட்சி இறந்தோர் நலப் பிரிவு ஆரம்பித்தது. விடுவானா அம்மிக் கட்சிக்காரன்? மறைந்த வாக்காளர் பேரவை என்று ஒன்றைத் தொடங்கி, சுடுகாட்டுக்குள்ளேயே ஆட்டோவில் மைக் கட்டிப் பிரசாரம் செய்தான். செத்தவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று எவனுக்குத் தெரியும்? ஜெயித்தவன், எங்களுக்குத்தான் போட்டார்கள் என்றான்.

இரண்டு தேர்தலுக்குள் எல்லாம் பழகிவிட்டது. யாராவது மண்டையைப் போட்டால் அழுகிறதுக்கு முன்னால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் வந்தது. இருந்தால் ஒரு ஆறுதல், பாதி அழுகையோடு நிறுத்திக்கொண்டார்கள். இல்லாதவர்கள் பாடு என்ன ஆவது? ஆற்றோரத் தெருவில் ஒரு திருத்தத்தின்போது எழுபது பேர் பெயர் மொத்தமாக விட்டுப்போனது, எப்படி விட்டுப்போனது என்று கேட்டால் தாலுகா ஆபீசில் ஆளுக்கொரு முகத்தைப் பார்த்தார்கள். அந்தத் தெருவுக்குச் செத்தும் யாரும் வரவில்லை. அந்தத் தெரு அஞ்சலையின் மகள் செல்வராணி செத்தபோது அவளுக்குப் பதினேழு வயது. பதினெட்டு நிறைய மூன்று மாசம் பாக்கி. அஞ்சலை ஒவ்வொரு தேர்தலுக்கும் தூக்குவாளியில் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து, வரிசையின் கடைசியில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். "செத்தவங்களுக்கும் வயசு ஏறுதுல்ல சார், என் மவளுக்கு இப்ப இருபத்தாறு ஆயிருச்சு, பேரைச் சேர்த்துக்குங்க" என்று எத்தனையோ மனு கொடுத்துவிட்டாள். செத்தவர்கள் பெயரை நீக்கத்தான் படிவம் உண்டு, சேர்க்கப் படிவம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அறவாழிதான் இதையெல்லாம் நம்பாதவர். எண்பத்திரண்டு வயது. கடவுள் இல்லை, பேய் இல்லை, மறுபிறவி இல்லை என்று அறுபது வருஷம் மேடை மேடையாகச் சொன்னவர். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் முனி இருக்கிறது என்று ஊர் பயந்த காலத்தில் அந்த மரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக் காட்டியவர். இருபது வயதில் மொழிப் போராட்டத்தில் அடிபட்டு நாற்பது நாள் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் செய்த முதல் காரியம், வைத்திலிங்கம் என்று அப்பா வைத்த சாமி பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு அறவாழி ஆனதுதான். அப்புறம் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. வாக்காளர் பட்டியலைக் கையால் எழுதிய காலத்திலிருந்து அந்தப் பிரிவில்தான் இருந்தார். செத்தவர்கள் பெயர் மேல் அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்ட கை அது. அப்பா பெயருக்கும் போட்டது, அம்மா பெயருக்கும் போட்டது, ஒருதரம்கூட நடுங்கினதில்லை.

முதல் தேர்தலில் செத்தவர்கள் வந்தபோது அவர் போய்ப் பார்க்கவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து, கூட்டு மயக்கம் என்று நாலு பக்கத் துண்டறிக்கை எழுதினார். அதை அச்சடித்துக் கொடுக்க முறக் கட்சியில் ஆள் இல்லை. ஒரு காலத்தில் அவரோடு சேர்ந்து தெருத்தெருவாகப் பிள்ளையாரைக் கேள்வி கேட்ட கட்சிதான். இப்போது கட்சி ஒன்று, அதற்குள் திருப்பணிக் கமிட்டி மூன்று. கட்சியின் பூத் ஏஜெண்ட் கலியபெருமாள், அவருடைய பழைய தோழர் மகன், நெற்றியில் பட்டையும் கையில் மந்திரித்த கயிறுமாக வந்து, "மாமா, இப்ப இதெல்லாம் எழுதினா செத்தவங்க மனசு புண்படும், ஓட்டு போயிரும்" என்றான். அறவாழிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவன் மனசு புண்படுவதற்கே அஞ்சாத கட்சியாக இருந்ததப்பா இது என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது தேர்தலில் தன் ஓட்டைப் போடப் போனபோதுதான் அவளைப் பார்த்தார். அவர் வரிசை எண் அறுநூற்றுப் பதினொன்று, அவளுடையது அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒரே கதவு எண் என்பதால் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில். மேசைக்கு எதிரே நின்றவள், "பெயர், தையல்நாயகி. கணவர் பெயர், வைத்திலிங்கம். கதவு எண் முப்பத்தொன்று. வயது எழுபது" என்றாள். சாவடிக்குள் நின்ற அறவாழி சுவரைப் பிடித்துக்கொண்டார். செத்தவள் வந்ததுகூட அவரை அப்படி ஆட்டவில்லை. அவள் அவர் பெயரைச் சொன்னதுதான் ஆட்டியது.

நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்தவள் ஒருநாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. பழைய பெயரையும் சொன்னதில்லை, புதுப் பெயரையும் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். அவர் கெஞ்சினார், திட்டினார், மாதர் மாநாட்டில் தீர்மானமே போட்டார். "பேரைச் சொல்லிக் கூப்பிடு தையல், நான் உனக்கு எசமான் இல்ல" என்பார். அவள், "ஆமா, அது ஒண்ணுதான் குறைச்சல்" என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வாள். ரேஷன் கடையில் கணவர் பெயர் கேட்டால் கூட இருக்கிறவளை இடித்து நீ சொல்லு என்பாள். யாரும் இல்லாவிட்டால் கார்டைத் திருப்பிக் காட்டுவாள். இவருடைய செந்தமிழும் அவளிடம் எடுபடவில்லை. ஜன்னல் என்று சொல்லாதே, சாளரம் என்று சொல் என்பார். "அந்தச் சாளரத்து வழியா மழை அடிக்குது, எந்திரிச்சு ஜன்னலைச் சாத்துங்க" என்பாள். இப்போது பாருங்கள், ஒரு தயக்கம் இல்லை, ஒரு கொச்சை இல்லை, கணவர் பெயர் வைத்திலிங்கம் என்று சுத்தமாகச் சொல்கிறாள். இத்தனை வருஷம் தான் கேட்டதெல்லாம் இதைத்தானா என்று அறவாழி தன்னையே கேட்டுக்கொண்டார்.

அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. படத்தில் அப்படித்தான். அந்தப் படம் எடுத்த அன்றைக்கு அவள் குளித்து, பட்டுப்புடவை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தாலுகா ஆபீஸ் ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். "அழிச்சுட்டு உட்காரு, அறவாழி பெண்டாட்டி பட்டை போட்டுக்கிட்டுப் படம் எடுத்தான்னு நாளைக்குச் சிரிப்பானுவ" என்றார். அவள் முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அதோடு போயிருந்தால் போகட்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், மூச்சு மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் கையைப் பிடித்து, "ஒரு துளி திருநீறு வச்சு விடுங்க" என்று கேட்டாள். கட்டிலைச் சுற்றிக் கட்சிக்காரர்கள் எட்டுப் பேர் நின்றார்கள். அறவாழி அந்த எட்டுப் பேரையும் பார்த்தார். பிறகு, "கடைசி நேரத்துலயா தையல் தோத்துப்போகச் சொல்ற?" என்று சிரித்துச் சமாளித்தார். அவள் கையை எடுத்துக்கொண்டாள். மத்தியானம் இரண்டரைக்கு உயிர் போனது. இரங்கல் கூட்டத்தில், கடைசி மூச்சு வரை கொள்கையில் நின்ற வீராங்கனை என்று பேசினார்கள், மேடையில் உட்கார்ந்திருந்த அறவாழி அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். தலையை ஆட்டினாரே, அந்தப் பாவி மனுஷன்! தெருமுனையில் அவள் பெயரில் அப்படியே கல்வெட்டும் வைத்துவிட்டார்கள்.

பெயர் எப்படிப் பட்டியலில் நின்றது என்றும் சொல்லிவிடுகிறேன். அவள் செத்த நாலாம் மாசம் கணக்கெடுக்க ஒரு பெண் வந்து, "ஐயா, இந்த வீட்டுல யாரும் இறந்திருக்காங்களா?" என்று வாசலில் நின்று கேட்டாள். அறவாழிக்குச் சட்டம் தெரியும், படிவம் தெரியும், படிவத்தின் எண்கூடத் தெரியும். "இல்லம்மா, யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டார். ஆயுசில் அவர் துணிந்து சொன்ன ஒரே பொய் அது. ஊரிலே ஆளுக்கு ஆள் ஒரு சாமியை வைத்துக்கொண்டார்கள், அவர் ஒரு வரியை வைத்துக்கொண்டார்.

மூன்றாவது தேர்தலில் காலையிலிருந்தே அவள் பக்கத்தில் போய் நின்றார். தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தார். மூத்த பெண் பிறந்த அன்றைக்குப் பெய்த மழையைச் சொன்னார், அவளுக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பைச் சொன்னார், கடைசியில் ஆஸ்பத்திரியைச் சொன்னார். "அன்னைக்கு நான் பண்ணது தப்பு தையல். வெட்கப்பட்டேன் பாரு, செத்துக்கிட்டிருக்கிற உன்கிட்ட இல்ல, அந்த எட்டுப் பேர்கிட்ட. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்றார். "வயது எழுபத்து மூன்று" என்றாள் அவள். சாயங்காலம் வரை அப்படியே. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவர், இந்தப் பட்டியலை எழுதினவன் நான்தானே, ஒரு மனுஷிக்கு நாலு கட்டம் போதும் என்று கோடு போட்டவன் நான்தானே என்று மோட்டுவளையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கிடந்தார்.

நாலாவது தேர்தலுக்கு முதல் நாள் சமையல்கட்டு அலமாரியிலிருந்து அவளுடைய அஞ்சறைப் பெட்டியை எடுத்தார். ஒரு குழியில் அவள் திருநீறு ஒளித்து வைத்திருப்பது அவருக்கு அந்தக் காலத்திலேயே தெரியும். தெரிந்ததே இப்படித்தான்: ஒருதரம் அவள் ஊருக்குப் போயிருந்தபோது பெருங்காயத்தூள் என்று நினைத்து ஒரு சிட்டிகை ரசத்தில் போட்டுவிட்டு, என்ன இது வாசனையே இல்லை என்று முழுதும் குடித்துத் தொலைத்தார். வந்து கேள்விப்பட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கடுகு வண்டு விழுந்து போயிருந்தது, மிளகாய் பொடியாகியிருந்தது, திருநீறு மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. அதை ஒரு தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை, ஒரு மண்ணும் வரவில்லை. கேட்டவளுக்குக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் பதினோரு மணிக்கு வரிசை பள்ளிக்கூடத்து வராந்தாவைத் தாண்டியிருந்தது. பந்தலில் கலியபெருமாள் செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தான். அறவாழி தடியை ஊன்றிக்கொண்டு நேரே அவளிடம் போய், பொட்டலத்தைப் பிரித்து, மூன்று விரலால் தொட்டு, அறுபது வருஷம் யார் நெற்றியிலும் அந்தச் சாம்பலைப் பூசாத கையை அவள் நெற்றியை நோக்கி நீட்டினார்.

அப்போது அவள் ஒன்று செய்தாள். திருநீறு கண்ணில் விழாமல் இருக்க இடது கையைப் புருவத்துக்கு மேலே கூரைபோல் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள். பட்டியலில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அவர் பூசினார். மூக்கில் உதிர்ந்ததைச் சுண்டுவிரலால் தட்டிவிட்டுக்கொண்டாள். கரி அப்பியிருந்த முகத்தில் அந்தப் பட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது, அதைச் சுற்றி மெல்ல மெல்லத் தோலின் நிறம் வந்தது.

"ஐயையோ, மாமா திருநீறு பூசுறாரு டோய்!" என்று கலியபெருமாள் கத்தினான். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருத்தன் செல்போனில் படம் பிடித்தான். அறவாழி யாரையும் பார்க்கவில்லை. எட்டுப் பேரை ஒருதரம் பார்த்ததே போதும் என்று இருந்தது அவருக்கு.

மேசையில் ஜெயக்கொடி டீச்சர் உட்கார்ந்திருந்தார், அந்தச் சாவடிக்கு அவர்தான் தலைமை அலுவலர். முதலில் அறவாழிக்கு மை வைத்துவிட்டு, "அறுநூற்றுப் பன்னிரண்டு. பேர் சொல்லுங்கம்மா" என்றார்.

"தையல்நாயகி."

"கணவர் பேர்?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் கேட்டார். தையல்நாயகி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு வாயோரத்தில் ஒரு சிரிப்போடு முகவாயால் அறவாழியைக் காட்டி, "அவங்கதான் நிக்கிறாங்களே, அவங்களையே கேளுங்க" என்றாள்.

சாவடியில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஒன்பது வருஷத்தில் செத்தவர்களில் ஒருத்தரும் பட்டியலைத் தாண்டி ஒரு சொல் பேசியதில்லை. இவள்தான், இவளேதான், அடிப்பாவி, இப்போதும் சொல்லமாட்டேன் என்கிறாளே என்று குழந்தை மாதிரி சந்தோஷம் பொங்கியது அவருக்கு.

அம்மிக் கட்சி ஏஜெண்ட் ராயப்பன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு எழுந்தான். "ஆட்சேபணை டீச்சர். படத்துல நெத்தி வெறுமையா இருக்கு, இங்க பட்டை இருக்கு. கணவர் பேரும் சொல்லல. இது ஆள் மாறாட்டம்."

"யோவ், உயிரோட இருக்கிறப்ப எங்க அத்தை பேரைச் சொன்னதே இல்லய்யா" என்று பாய்ந்தான் கலியபெருமாள்.

"அப்ப போன மூணு தடவையும் சொன்னது யாரு?"

டீச்சர் கையமர்த்தினார். ஆட்சேபணை வந்தால் உறவுக்காரர் ஒருத்தர் சாட்சி சொல்லவேண்டும், அதை எழுதிக்கொண்டு முடிவு செய்யவேண்டும். அவர் அறவாழியிடம் திரும்பி, "ஐயா, உங்களுக்கே விதி தெரியும். இவங்க உங்க சம்சாரம்தானா? பட்டியல்ல இருக்கிறவங்கதான்னு சொன்னீங்கன்னா ஓட்டுப் போட்டுட்டுப் போகட்டும். இல்லன்னா பேரை எடுத்துர வேண்டியதுதான்" என்றார்.

"மாமா, ஆமான்னு ஒரு வார்த்தை" என்று கலியபெருமாள் காதருகே வந்தான். "அடுத்த தடவையும் வருவாங்க, அதுக்கடுத்த தடவையும் வருவாங்க. திருநீறும் நாம கையோட கொண்டாந்துரலாம்."

ஆமாம் என்று சொல்ல அறவாழி வாயைத் திறந்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம், மூன்று வருஷத்துக்கு ஒருதரம், இந்த மேசைக்கு முன்னால், இந்தச் சிரிப்பு. சாகிறவரைக்கும் அது போதும். செத்தபிறகும் அடுத்தடுத்த எண்ணில் நிற்கலாம். அறுபது வருஷமாக எதை இல்லை இல்லை என்று சொன்னாரோ அது கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை, அவள் அவருடைய சம்சாரம்தான்.

அப்போது தையல்நாயகி அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "காலு கடுக்குதுங்க" என்றாள். "இன்னும் எத்தனை தடவை இந்த வரிசையில நிக்கிறது?"

அறவாழி அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் சோர்வு இருந்தது. ஆஸ்பத்திரியில் கையை எடுத்துக்கொண்டபோது இருந்த அதே சோர்வு. அன்றைக்கும் அவள் ஒன்றைக் கேட்டாள், அன்றைக்கும் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள், அன்றைக்கும் அவருக்கு வேண்டியது வேறாக இருந்தது.

"இவங்க என் சம்சாரம்" என்றார். பிறகு மேடையில் பேசுகிற பழைய குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "என் சம்சாரம் செத்து பதினோரு வருஷம் ஆச்சு. கணக்கெடுக்க வந்தப்ப நான்தான் மறைச்சிட்டேன். பேரை எடுத்துருங்க டீச்சர். இன்னொண்ணையும் எழுதிக்குங்க. சாகுறப்ப அவ திருநீறு கேட்டா. நான் கொடுக்கல. தெருமுனையில கல்லுல எழுதியிருக்கிறது பொய்."

படிவத்தைக் கொடுத்தார்கள். உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதினார். கையெழுத்து பட்டியலில் இருக்கிற பெயரில் இருக்கவேண்டும் என்றார் டீச்சர், தயங்கிக்கொண்டே. அறுபது வருஷத்துக்கு முன்னால் தூக்கி எறிந்த வைத்திலிங்கம் என்ற பெயரை அறவாழி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அவள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் அடிமட்டத்தை எடுத்தபோது, "கொடுங்கம்மா, நானே போடுறேன்" என்று வாங்கி, அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரியின் மேல் சிவப்பு மையில் கோடு இழுத்தார். ஆயுசில் முதல்தடவையாகக் கோடு கோணிப்போனது.

வாசலில் அஞ்சலை வழிமறித்துக்கொண்டு நின்றாள், கையில் தூக்குவாளி. "நான் ஒரு பேருக்காக ஒன்பது வருசமா நாயா அலையுறேன்" என்று அறவாழியின் முகத்துக்கு நேரே கத்தினாள். "இருந்த பேரை உங்க கையாலயே அடிச்சிட்டு வரீங்களே, நீங்கள்லாம் மனுசனா? உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?" தையல்நாயகிதான் அஞ்சலையின் கையைத் தொட்டு, தூக்குவாளியின் மூடியைத் திறந்து, ஒரு வாய்ப் புளிசாதம் எடுத்துச் சாப்பிட்டாள். "உப்பு கொஞ்சம் கம்மி அஞ்சலை" என்றாள். செத்தவர்கள் யாரும் அதுவரை பச்சைத் தண்ணீர் தொட்டதில்லை. அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒன்பது வருஷமாக நிறுத்தி வைத்திருந்த பாதி அழுகையை அழ ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் அறவாழி அவளோடு நடந்தார். மற்றவர்கள் சாயங்காலம்தான் போவார்கள், பெயரை அடித்தாகிவிட்டதால் இவள் ஒருத்திக்குத்தான் இப்போதே போகவேண்டியிருந்தது. ஆற்றங்கரைப் பாதையில் மத்தியான வெயில் கொளுத்தியது.

மளிகைக்கடைக்குப் போனாலும் சரி, பிரசவத்துக்குத் தாய்வீடு போனாலும் சரி, போறேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. போறேன் என்று சொன்னால் ஆகாதாம். "போறவ எதுக்குடி வரேன்னு சொல்ற? தமிழும் தப்பு, அறிவும் தப்பு" என்று அவர் நாற்பத்தைந்து வருஷம் விடாமல் கேலி செய்திருக்கிறார், பதிலுக்கு ஒருதடவைகூட வா என்று சொன்னதில்லை. கேட்டைத் தாண்டினவள் பழக்கத்தில் நின்று, நெற்றித் திருநீறு வேர்வையில் கரைய, திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப, போயிட்டு வரேங்க" என்றாள்.

இனி வரமாட்டாள் என்று ஊரில் எல்லோரையும்விட நிச்சயமாகத் தெரிந்த ஆள் அறவாழிதான். ஒரு கை விரலில் மை, மறு கையின் மூன்று விரலில் சாம்பல், சாம்பல் கையைத் தூக்கி ஆட்டினார்.

"சரி தையல்" என்றார். "பார்த்துப் போயிட்டு வா."